சக்கரத்தைத் திருப்பி மாட்டுவதற்கு என்ன சொல்? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

ஜெயநகர், மொழிபெயர்ப்பாளர்:

பெங்களூர்த் தமிழ்க் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

டிராக்டர் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அனுப்பியாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, ஓர் அத்தியாயம் மட்டும் நகர மறுக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றி, உள்முகம் வெளியே வருமாறு மாட்டினால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் மாறும். ஆங்கிலத்தில் 'வீல் ரிவர்சிங்' என்று முடித்துவிட்டார்கள். அது தலைப்பில் வருகிறது, படத்துக்குள் வருகிறது, அட்டவணையில் ஒரு குறுகிய கட்டத்துக்குள்ளும் வருகிறது. விரித்து எழுத இடமில்லை. கூடவே அந்தத் தூரத்தைக் குறிக்கும் 'டிராக் விட்த்', உரசாமல் விடும் இடத்தைக் குறிக்கும் 'கிளியரன்ஸ்' இரண்டுக்கும் சொல் வேண்டும். கன்னடப் பதிப்பில் ஆங்கிலச் சொல்லையே கன்னட எழுத்தில் போட்டுவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்குச் 'சக்கரப் புரட்டு' என்று வைத்திருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஹெப்பாள், வேளாண் ஆசிரியை:

'புரட்டு' கூடவே கூடாது. டிராக்டர் கவிழ்ந்தால் எங்கள் பக்கம் 'வண்டி புரண்டுடுச்சு' என்றுதான் சொல்வார்கள். சரிவில் வண்டி புரளக் கூடாது என்றுதானே சக்கரத்தை அகலப் போடுகிறோம்? அந்த அத்தியாயத்தின் தலையிலேயே 'புரட்டு' என்று எழுதலாமா? பித்தலாட்டம் என்ற பொருள் வேறு இருக்கிறது. என் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். வீட்டில் 'வீலைத் திருப்பிப் போடு' என்பார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அல்சூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நண்பர்களே, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. கால் என்றால் சக்கரம். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்கிறது 496ஆம் குறள். வலிய சக்கரங்களை உடைய தேர் என்பது பொருள். இங்கே நம் கன்னட அக்கம்பக்கத்தாரும் சக்கரத்தைக் 'காலி' என்கிறார்கள், முதலெழுத்தை அழுத்தி ஒலித்து. அதுவும் இந்தக் காலின் உறவே. சரி, தள்ளினாலும் விழாமல் நிற்க ஒருவன் என்ன செய்கிறான்? காலை அகட்டி நிற்கிறான். டிராக்டர் செய்வதும் அதுதான். ஆகவே 'காலகட்டு'. அகலத்தைக் குறைத்தால் 'காலொடுக்கு'. எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கும்.

டிராக் விட்த்துக்குத் 'தடவகலம்'. தடம் + அகலம், 'மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்' என்ற நன்னூல் விதிப்படி மகரம் கெட்டு வகர உடம்படுமெய் பெறும். தயவுசெய்து பிரித்து எழுதாதீர்கள்.

கோரமங்களா, பொறியாளர்:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 'காலகட்டு' என்று பார்த்தவுடன் கண் 'காலகட்டம்' என்று படிக்கிறது. 'தடவகலம்' என்றால் எதையோ தடவச் சொல்கிறார்கள் என்று தோன்றும். வயல் வரப்பில் கையேட்டை விரித்து வைத்திருப்பவர் நன்னூலைத் தேடிப் போக மாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வேலையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். பின்சக்கரத்தில் இரண்டு பாகம். டயர் உட்காரும் ரிம், அச்சின் முனையில் இருக்கும் ஹப்போடு போல்ட் போடும் டிஸ்க். டிஸ்க் தட்டையாக இருக்காது, ஒரு பக்கம் குழிந்திருக்கும். ரிம்மின் உள்வட்டத்தில் டிஸ்க்கைப் பிடிக்கப் பற்றவைத்த காதுகளும் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். டிஸ்க்கின் குழிவு உள்நோக்கியா வெளிநோக்கியா, ரிம்மின் எந்த முகம் வெளியே, டிஸ்க் காதுக்கு உள்ளேயா வெளியேயா? மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை, ஆக 8 அமைப்பு. பழைய பெர்குசன் டி.இ.20 வண்டியில் இப்படித்தான் 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை, 4 அங்குலப் படிகளாக மாற்றினார்கள். எண்ணிப் பாருங்கள், சரியாக 8 வரும்.

ஆக, திருப்புவது ஒரு செயல். அதனால் அகலம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். 'அகட்டு' பலனைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. அகலத்தைக் குறைக்க ஒருவர் அதே டிஸ்க்கைத் திருப்பும்போது அவரைப் பார்த்து 'அகட்டு' என்று எப்படிச் சொல்வது? செயலுக்கு ஒரு சொல், பலனுக்கு இரண்டு சொல் வேண்டும்.

ஹெப்பாள், வேளாண் ஆசிரியை:

இதை ஒப்புக்கொள்கிறேன். கையேட்டில் விட்டுப்போகக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வலச்சக்கரத்தை அதே பக்கத்தில் வைத்து முழுசாகத் திருப்பினால் டயரின் தடித்த வரிகள் எதிர்த்திசைக்குப் போய்விடும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அந்த வரிகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் மண்ணைப் பிடித்துத் தள்ளும், சேறும் ஓரமாக வழிந்து போகும். அதனால் முழுச் சக்கரத்தையும் மாற்றும்போது வலதை அப்படியே நகர்த்தி இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும், இடதை வலப்பக்கம். அப்படிச் செய்தால் உள்முகம் தானாக வெளியே வந்துவிடும், வரியின் திசையும் கெடாது. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பார்த்தால் போதும். இதற்கு வைக்கிற பெயரில் 'இடம் மாறுவது' என்ற கருத்தும் வந்தால் நல்லது.

'கிளியரன்ஸ்' பற்றி: சக்கரத்தைத் திருப்புவதால் வண்டியின் அடிவயிறு ஓர் அங்குலம்கூட உயராது. மாறுவது பக்கவாட்டு இடம், அதாவது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே, டயருக்கும் பயிருக்கும் நடுவே. 75 செ.மீ. இடைவெளியில் நட்ட மக்காச்சோளத்தில் தட அகலம் 150 செ.மீ. இருந்தால்தான் இரண்டு டயரும் வரிசைகளின் நடுவே ஓடும். 60 செ.மீ. வரிசை என்றால் 120 அல்லது 180. வெறுமனே 'இடைவெளி' என்று போட்டால் குழப்பம். 'தரை இடைவெளி', 'பக்க இடைவெளி' என இரண்டாகப் பிரியுங்கள்.

ஜே.சி. ரோடு, உதிரிபாகக் கடைக்காரர்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா திருவண்ணாமலைப் பக்கம் கட்டை வண்டி செய்தவர். குடம், ஆரக்கால், வட்டை, இருசு, கடையாணி என்றுதான் வீட்டில் பேச்சு. சக்கரத்தை மாட்டுவதைப் 'பூட்டுவது' என்பார். ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது மாதிரி. 'திருப்பிப் பூட்டு' என்று சொன்னால் எந்த ஊர் விவசாயிக்கும் புரியும். இன்னொன்று, வேலை முடிந்து சில மணி நேரம் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கணும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அதை விட்டுவிட்டுத்தான் போல்ட் அறுந்து கடைக்கு வருகிறார்கள்.

அல்சூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆகா! இருசு, வட்டை, குடம்! இத்தனை சொல்லையும் கையில் வைத்துக்கொண்டு ஆக்சில், ரிம், ஹப் என்று ஏன் எழுதுகிறோம்? தம்பியின் தாத்தா சொற்களை முழுப் பட்டியலாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

'அகட்டு' பற்றி இன்னும் கொஞ்சம். அகடு என்றால் வயிறு. 936ஆம் குறளில் 'அகடாரார் அல்லல் உழப்பர்', சூதாடுகிறவர்கள் வயிறு நிறைய உண்ண மாட்டார்கள். பொறியாளர் சொன்ன டிஸ்க்கின் குழிவுக்கு மறுபுறம் என்ன இருக்கிறது? புடைப்பு. அதாவது அகடு. சக்கரத்தைத் திருப்பும்போது மாறுவது அந்த அகடுதான். செயலுக்குச் சொல் இல்லை என்றீர்களே, 'அகடுமாற்று' என்று வைத்துக்கொள்ளுங்கள். அகட்டுதல் என்ற வினையே வயிற்றை முன் தள்ளி விரிந்து நிற்பதிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு.

கோரமங்களா, பொறியாளர்:

ஐயா, குடம் என்பது கட்டை வண்டியில் ஆரங்கள் செருகும் மரத்துண்டு. டிராக்டரில் ஆரமே கிடையாது. 'இருசு' மட்டும் எனக்குச் சம்மதம். அகடுமாற்று வேண்டாம், அதற்கு உரையாசிரியர் ஒருவரையும் வண்டியோடு அனுப்ப வேண்டியிருக்கும்.

நிலைப்புத்தன்மைக்கு வருகிறேன், அங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. முன்னிருசு நடுவில் ஓர் ஊசியில் ஆடும். அதனால் முன்சக்கரங்களை எவ்வளவு விரித்தாலும், வண்டி சாயத் தொடங்கும்போது அவை உடனே தாங்காது. இரண்டு பின்சக்கரங்கள், முன்னால் அந்த ஊசி, இந்த முக்கோணத்துக்குள் எடை விழும்வரைதான் வண்டி நிற்கும். பின்தடம் அகலமானால் முக்கோணம் அகலமாகும், பலன் அங்கேதான் கிடைக்கிறது. முன்சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், ஹப் பேரிங்குக்குச் சுமை கூடும். இதையும் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'திருப்பிப் பூட்டல்' எனக்கு ஓகே. 'சக்கரத் திருப்பம்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், ஸ்டீயரிங் திருப்புவது என்று படிப்பார்கள்.

ஹெப்பாள், வேளாண் ஆசிரியை:

நகரத்தில் 'பூட்டு' என்றால் சாவி போடுவதுதான் நினைவுக்கு வரும். என் மாணவர்களில் பாதிப்பேர் மாடு பூட்டிப் பார்த்ததில்லை. 'திருப்பி மாட்டல்' போதாதா? ஆனால் பெரும்பான்மை பூட்டல் என்றால் தடுக்க மாட்டேன். பலனுக்கு 'அகட்டல்', 'ஒடுக்கல்' இரண்டும் அருமை, அதை விடாதீர்கள்.

ஜெயநகர், மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரவு ஆகிவிட்டது, இப்படி அனுப்புகிறேன்: செயலுக்குச் 'சக்கரம் திருப்பிப் பூட்டல்', பலனுக்கு 'அகட்டல்', 'ஒடுக்கல்', அளவுக்குத் 'தட அகலம்' (பிரித்துத்தான் எழுதுகிறேன், ஐயா மன்னிக்கணும்), 'தரை இடைவெளி', 'பக்க இடைவெளி'. வல, இடச் சக்கரங்களை இடம் மாற்றுவது தனிப் படத்தோடு தனிப் பத்தியாக வருகிறது. நட்டு முறுக்குவதும், முன்சக்கரம் பற்றிய வரியும் எச்சரிக்கைக் கட்டத்தில் போய்விட்டன. ரிம், டிஸ்க், ஹப் அப்படியே இருக்கும், கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும். இருசு பற்றி நிறுவனத்தாரைக் கேட்க வேண்டும், ஏற்கெனவே 40 பக்கத்தில் 'அச்சு' என்று போயிருக்கிறது.

அல்சூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அகட்டல் நிலைத்ததில் மகிழ்ச்சி. 'தட அகலம்' என்று பிரித்து எழுதுவதை நான் ஏற்கவில்லை, என் மறுப்பைக் குழுவின் கோப்பில் பதிவு செய்யுங்கள். 'மரவடி' என்று சேர்த்து எழுதுகிறவர்கள் 'தடவகலம்' என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? 'அச்சு' பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. அச்சு என்பது சுழலும் கம்பிக்கா, அசையாமல் நின்று தாங்கும் கட்டைக்கா? இருசு எதற்கு? இரண்டையும் ஒன்றாக எழுதியிருந்தால் அந்த 40 பக்கத்தையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.