பிஸ்கட்டைக் காட்டினால்தான் வருகிறான்

திருநகர், கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு மாதச் சிப்பிப்பாறை இன ஆண் நாய்க்குட்டி இருக்கிறான். பெயர் வேலன். கதவைத் திறந்தால் போதும், தெருவில் போகும் ஆடுகளைத் துரத்துகிறான். கடைப் பிஸ்கட்டைக் காட்டினால் திரும்பி வருகிறான். காட்டாவிட்டால், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாலும் அசைவதில்லை. "கம்பை எடு, இரண்டு நாளில் வழிக்கு வருவான்" என்கிறார் மாமனார். எனக்குக் கை வரவில்லை. போன வாரம் நெத்திலிக் கருவாட்டைக் கழுவிக் கொடுத்தேன். இரவெல்லாம் தண்ணீராகக் குடித்தான். வீட்டில் செய்யக்கூடிய தின்பண்டம் எது? அதைக் கொண்டு எப்படிப் பழக்குவது?

சோழவந்தான், பதில்:

அம்மா, கம்பை எடுக்காதிருந்தீர்களே, அதற்கே நன்றி. பதினைந்து ஆண்டுகளாகக் கன்னி இன நாய்கள் வளர்க்கிறேன். முதல் நாயை அடித்துத்தான் பழக்கினேன். கூப்பிட்டால் வரும், ஆனால் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும். அது வந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

கருவாட்டை விட்டுவிடுங்கள், கழுவினாலும் உப்புப் போகாது. கால் கிலோ கோழி ஈரலை வெறும் தண்ணீரில் வேகவைத்து மசித்து, ஒரு முட்டையும் பிடிக்கும் அளவுக்குக் கேழ்வரகு மாவும் சேர்த்துப் பிசையுங்கள். தோசைக்கல்லில் மெல்லத் தட்டி, மூடிபோட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். ஆறியதும் கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டுங்கள். அதற்குமேல் பெரிதாக வேண்டாம், அவனுக்கு வேண்டியது வாசம்தான். மூன்று நாளுக்கானதை ஃபிரிட்ஜில் வைத்து, மீதியை உறையவைத்துவிடுங்கள். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால், ஒரு நாள் ஈரல் என்றால் மறுநாள் வெறும் கோழிக்கறித் துணுக்கு கொடுங்கள். தின்பண்டம் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

இனி முக்கியமானது. நீங்கள் கொடுப்பது இப்போது கூலி இல்லை, லஞ்சம். பிஸ்கட்டைக் கண்டபிறகு வருகிறான், அதனால் உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை. துண்டுகளைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கை வெறுமையாக இருக்கட்டும். "வேலா, வா" என்று ஒரே முறை கூப்பிடுங்கள். அவன் தலை திரும்பும் அந்தக் கணமே "சபாஷ்!" என்று சொல்லுங்கள்; வந்து சேர்ந்ததும் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். சபாஷ் தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்று அவனுக்குப் புரியாது. முதல் வாரம் கூடத்திலேயே செய்யுங்கள். பிறகு முற்றம், அதன்பிறகுதான் தெரு.

ஆடு தனிக் கதை. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய். ஆடு ஓடத் தொடங்கிவிட்டால் ஈரலும் தோற்றுவிடும். நெஞ்சுப்பட்டையில் இருபது அடிக் கயிறு கட்டி, ஆடு தெரிந்தும் அவன் உங்கள் குரலைக் கேட்கக்கூடிய தூரத்தில் நின்று பழக்குங்கள். துண்டை மோந்தும் பார்க்காவிட்டால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், பத்தடி பின்வாங்குங்கள்.

கூப்பிட்டு வரவழைத்துக் கட்டிப்போடவோ திட்டவோ ஒருபோதும் செய்யாதீர்கள்.

தெப்பக்குளம், பதில்:

எங்களுடையது சைவ வீடு. சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து, வில்லைகளாக்கி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். எங்கள் நாட்டு நாய்க்கு அதன்மேல் உயிர். ஆனால் காய்ந்த வில்லையை மென்று முடிக்கவே அதற்கு அரை நிமிடம் ஆகும். அதற்குள் பாடம் மறந்துபோகும். இப்போது காயவைக்காமல் மென்மையாகவே பொடித்துண்டுகளாக வெட்டுகிறேன். அதுவும் சலித்தால் உப்பில்லாத பனீர்.

திருநகர்:

மூன்று வாரம் ஆயிற்று. ஐயா சொன்ன கடைசி வரி என்னைச் சுட்டது. தினமும் அவனைக் கட்டிப்போடுவதற்காகத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது பத்து முறை கூப்பிட்டால், ஒரு முறைதான் உள்ளே கொண்டுபோகிறேன். மற்ற நேரமெல்லாம் துண்டு கொடுத்துவிட்டு மறுபடி விளையாட விடுகிறேன். முற்றத்தில் வெறுங்கைக்கு வருகிறான். ஆடு இருந்தால் இன்னும் கயிறு வேண்டியிருக்கிறது. ஈரல் வாசத்துக்குச் சுருக்குப்பையில் எறும்பு மொய்க்கிறது. மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றலாமா?

சோழவந்தான்:

வேண்டாம் அம்மா. மூடி திறக்கும் சத்தத்துக்குப் பழகிவிட்டால், அதைக் கேட்டால்தான் வருவான். இரண்டு பை தைத்துக்கொண்டு அன்றன்றே துவைத்துப் போடுங்கள்.