நெடுந்தீவில் பாட்டனாரின் வளவை எப்படிக் கண்டுபிடிச்சுக் காட்டுறது?

கேள்வி (தீவகன்):
யாழ்ப்பாணத் தீவுகளில ஒன்றான நெடுந்தீவில வழிகாட்டி வேலை. பெருக்குமரம், குதிரைகள், கோட்டை, புறாக்கூடு காட்டுறதில சிக்கலில்லை. கனடா, பிரான்சில இருந்து வாற ஆக்கள் "எங்கட பாட்டா இருந்த வளவைக் காட்டுங்கோ" எண்டு கேக்கினம். கையில பாட்டாவின்ர பெயர் மட்டும்தான். எங்க தொடங்கலாம்?

பதில் (கல்வேலி):
பாட்டாவை விட்டிட்டுப் பாட்டியைப் பிடியுங்கோ. தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) வீடுவளவு பெரும்பாலும் சீதனமா மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளை அங்க வந்து இருப்பார். பாட்டாவின்ர முதுசொம் (பரம்பரைச் சொத்து) வேற வட்டாரத்தில கிடக்கலாம். அவர்கள் புறப்பட முன்னமே பாட்டியின்ர பெயர், பாட்டியின்ர தாய் தகப்பன் பெயர், வட்டார இலக்கம், கும்பிட்ட கோயில், இவ்வளவையும் கேட்டு வாங்குங்கோ. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து தகப்பனுடையது. ஒரே பெயரில பேரன், பாட்டன் இரண்டு பேரும் இருப்பினம், அதில தலைமுறை மாறிப்போகும்.

கத்தோலிக்கக் குடும்பமெண்டால் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் இருக்கும். பங்குத்தந்தையிட்ட முன்கூட்டியே கேளுங்கோ.

பதில் (பரப்புக்குழி):
சீதன உறுதியின்ர (சீதனமாக் காணி எழுதிக் குடுத்த பத்திரம்) படம் ஒன்று வாட்ஸ்அப்பில வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. அதில காணிப் பெயர், பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்), நாலு எல்லை எல்லாம் எழுதியிருக்கும். "கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பெண்சாதி இன்னார் காணி" எண்டமாதிரி. பங்குக் கிணறும் (பலருக்குப் பொதுவானது) வழிவாய்க்காலும் (பாதை, தண்ணி போற உரிமை) இருந்தால் அதையும் எழுதியிருப்பினம். ஒழுங்கையும் கிணறும் இடம் மாறாது, அவற்றை முதல் பிடியுங்கோ. எல்லைக்காரர் பெயர் பழசு, ஊரிலிருக்கிற வயசான ஆக்களிட்ட "இன்னாருடைய மருமக்கள் ஆர்?" எண்டு கேட்டால்தான் இண்டைய பெயர் வரும்.

உறுதி தொலைஞ்சிருந்தால் உறுதி இலக்கம், நொத்தாரிசு (உறுதி எழுதின சட்ட அலுவலர்) பெயர் தேடி யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில பிரதி கேக்கலாம்.

பவளக்கல் மதில் சாந்து இல்லாமல் அடுக்கினது. சரிஞ்சதைத் திருப்பி அடுக்கேக்க எல்லை தள்ளிப்போயிருக்கும், மதிலை மட்டும் நம்பி "இதுதான்" எண்டு சொல்லாதேங்கோ. பக்கத்துக் காணிக்காரருக்கு அது வழக்காகிப் போகும்.

பதில் (கல்வேலி):
இன்னொன்று. ஆளில்லாத வளவில கட்டு இடிஞ்ச கிணறுகள் பற்றைக்குள்ள மறைஞ்சு கிடக்கும். பிள்ளைகள் வந்தால் நீங்கள் முன்னால நடவுங்கோ. குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், காத்துக் கடுமையெண்டால் நிப்பாட்டிப்போடுவினம். திரும்பிற படகு நேரத்தைக் காலமையே உறுதிசெய்து, வளவை முதல் காட்டுங்கோ. கோட்டையும் குதிரையும் மிச்ச நேரத்துக்கு.