ஒரே வீட்டில் நான்கு பேர். நால்வரின் இணைய ஆட்டக் கணக்கும் முடக்கம். அவசர உதவி தேவை

கண்டனூர் தம்பி:
நேற்று இரவிலிருந்து எங்கள் நால்வரின் கணக்கும் திறக்கவில்லை. ஒரே ஆள் நான்கு கணக்கு வைத்து ஆடுகிறானாம்! நாங்கள் நான்கு தனி மனிதர்கள். ஏழு மாத உழைப்பு. வெள்ளிக்கிழமை கூட்டணிப் போர் இருக்கிறது. எப்படி மீட்பது?

கம்பிவடம்:
என்ன ஆட்டம், உலாவியிலா செயலியிலா? நால்வருக்கும் ஒரே வைஃபையா? மின்னஞ்சலில் என்ன எழுதியிருக்கிறது?

இரவுப்பறவை:
ஐபி முகவரிதான் (இணைய இணைப்புக்குரிய எண்) காரணம், சந்தேகமே வேண்டாம். விபிஎன் (உங்கள் முகவரியை மறைத்து வேறு ஊர் முகவரியைக் காட்டும் சேவை) போட்டு ஆளுக்கொரு ஊரிலிருந்து நுழையுங்கள்.

பழைய ஆட்டக்காரர்:
விதிமுறையைப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவது, பிறகு இங்கே வந்து அழுவது. எத்தனை ஆண்டுகளாகத்தான் இதற்குப் பதில் எழுதுவது? விபிஎன் யோசனை ஆபத்தானது. அந்த முகவரி வழியாக ஏமாற்றுக்காரர்கள் பலர் ஏற்கெனவே வந்து போயிருப்பார்கள். முடக்கம் நீங்கும்வரை புதுக் கணக்கும் தொடங்காதீர்கள். அது இரண்டாவது குற்றம்.

கண்டனூர் தம்பி:
மன்னியுங்கள், அவசரத்தில் விட்டுவிட்டேன். உலாவியில் ஆடும் கோட்டை கட்டும் ஆட்டம். நான், தம்பி, பெரியப்பா மகள்கள் இருவர். படைப்புக்காக, அதாவது முன்னோர் வழிபாட்டுக்காக, எல்லாரும் ஐயா வீட்டுக்கு வந்திருக்கிறோம். சுவரின் கனத்தில் உள்ளே கைப்பேசிக்கு சிக்னல் வருவதில்லை. பட்டாலையில் (கூடத்தில்) இருக்கும் ஒரே வைஃபைதான் எல்லாருக்கும். மின்னஞ்சலில் 'பல கணக்கு' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

கம்பிவடம்:
முகவரி ஒன்றாக இருப்பது மட்டும் காரணமாக இருக்காது. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவை போதாததால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரௌட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்கள் வீடும் அப்படித்தான். 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. இது ஆட்டம் நடத்துபவர்களுக்கும் தெரியும். ஆகவே வேறு ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு கணக்கைத் திறந்தீர்களா? ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மட்டும் தானியம் போய்க்கொண்டிருந்ததா?

தேவகோட்டை ஆச்சி:
சில ஆட்டங்களில் வீட்டுக்கு ஒரு கணக்கு என்றே விதி இருக்கிறது. அப்படியானால் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் யார்தான் ஆடுவது? வளவைச் (உள்முற்றத்தை) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை. கூரை ஒன்று, உலை தனித்தனி.

பழைய ஆட்டக்காரர்:
ஆச்சி, கதவு எண் ஒன்றென்றால் வீடும் ஒன்றுதான். வளவையும் புள்ளியையும் கணினி அறியாது.

தேவகோட்டை ஆச்சி:
குடும்ப அட்டை தனித்தனியாகத்தானே தருகிறார்கள்? கதவு எண்ணை வைத்தா குடும்பத்தை எண்ணுவது?

இரவுப்பறவை:
நால்வரின் ஆதாரையும் அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

தேவகோட்டை ஆச்சி:
பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லாதீர்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும், அதுவும் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் படி போதும். வயதில் சிறியவர் என்றால் பெற்றோர் அறியாமல் எதையும் அனுப்பக் கூடாது.

கண்டனூர் தம்பி:
ஒன்றைச் சொல்லவில்லை. போன மாதம் தம்பி தேர்வுக்குப் போன மூன்று நாளும் அவன் கணக்கை என் மடிக்கணினியில் திறந்து, அவன் தானியத்தை என் படைக்கு அனுப்பினேன். அண்ணன் தம்பிக்குள் இது தவறா?

கம்பிவடம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி! ஒரு கணக்கை மூடிய கையோடு அதே உலாவியில் அடுத்த கணக்கு திறக்கிறது. குக்கீ, அதாவது உலாவியில் தளம் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பு, அதைக் காட்டிக்கொடுக்கும். கூடவே தானியமும் ஒரே பக்கமாகப் போகிறது. பார்ப்பவருக்கு ஒரே ஆளாகத்தான் தெரியும். நால்வரும் அவரவர் மின்னஞ்சலிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு முறையீடு எழுதுங்கள். அந்த மூன்று நாளை மறைக்காதீர்கள். பதிவு அவர்களிடம் இருக்கிறது. இனி ஆளுக்கொரு கருவி வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். ஒரே வைஃபையில் ஆடுவதை முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். வெளியூர் போனால் பொறுப்பாளரை நியமிக்கும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்டனூர் தம்பி:
அக்காமார் இருவரின் கணக்கும் திரும்பிவிட்டன. அனுப்பிய தானியத்தைப் பிடித்துக்கொண்டு என்னுடையதையும் திறந்தார்கள். தம்பிக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. நாளை போர். எல்லாருக்கும் நன்றி.

கம்பிவடம்:
தம்பியின் முறையீட்டை அவனே எழுதினானா, நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா? எந்தக் கணினியிலிருந்து போனது?