துட்டி கேக்க ஆளில்லாத கொலைக் கதைகள்

அம்பை மதினி கேட்டது:

மக பெங்களூரு போகும்போது அவ பொஸ்தகம் வாசிக்குத கிண்டில் மெஷினை என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. உள்ள பூரா இங்கிலீஷ் கிராமத்துக் கொலைக் கதை. ரத்தம் கெடையாது, கெட்ட வார்த்தை கெடையாது. துப்பு துலக்குறது பேக்கரி வச்சிருக்கவளோ லைப்ரரிக்காரியோதான். பூனை ஒண்ணு கட்டாயம் உண்டு. எனக்கும் பிடிச்சுப் போச்சு. அதுலயும் அகதா கிறிஸ்டி எழுதின, துப்பு துலக்குத கெழவி மிஸ் மார்ப்பிள்! கையில பின்னல் ஊசி, காதுல ஊர் வம்பு. எங்க தெருத் திண்ணையில இப்படி நாலு பேரு இருக்காவ, கொலைதான் நடக்கல.

ஒண்ணுதான் உறுத்துது. கர்னல் செத்துக் கெடக்காரு, அடுத்த பக்கத்துல எல்லாரும் டீயும் கேக்கும் சாப்பிடுதாவ. அழ ஒரு ஆள் இல்ல. இங்கன ஒரு சாவுன்னா, தூக்குத வரைக்கும் பக்கத்து வீட்ல அடுப்பு எரியாது. பொணத்தைக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போவணும், சங்கரன்கோவில்ல இருந்து வாரவங்களுக்குச் சாப்பாடு பாக்கணும், பதினாறு வரைக்கும் துட்டி கேக்க, அதான் துக்கம் விசாரிக்க, ஆள் வந்துட்டே இருக்கும். அந்த வீட்ல ஒரு மூலையில சும்மா உக்காந்தாலே போதும், எவ நெஜமா அழுதா, எவ பீரோ சாவியைத் தேடுதான்னு தெரிஞ்சிரும். அதை விட்டுட்டு எப்படிக் கொலைக் கதை எழுதுதாவ? உங்களுக்கு உறுத்தலையா?

ஹைகிரவுண்ட் நைட் டூட்டி:

இல்லக்கா. நான் நர்ஸ். வார்டுல கேக்குத அழுகை போதும். யாருக்கும் வலிக்காத சாவுன்னுதான் அதை வாசிக்கேன். பேய்க்கதைகூட ஓகே. ஆஸ்பத்திரிக் கதைதான் ஆகாது, டோஸை எல்லாம் தப்பா எழுதி வச்சிருப்பாவ.

வண்ணார்பேட்டை மெடிக்கல்:

தங்கச்சி, அகதா கிறிஸ்டி டோஸ்ல தப்ப மாட்டாங்க. முதல் உலகப் போர்ல நர்ஸா இருந்து, பொறவு ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பாத்தவங்க. 1920ல வந்த முத நாவல்லயே விஷம் ஸ்ட்ரிக்னின், நம்ம எட்டிக்கொட்டையில இருக்க சரக்கு. மருந்தாளுநர் பத்திரிகையே பாராட்டி எழுதுச்சு.

மதினி, அந்தப் போர்ல பிரிட்டன்காரங்க மட்டும் 7 லட்சத்துக்கு மேல செத்தாங்க. உடம்பை ஊருக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்லி, செத்த நாட்டுலயே புதைச்சுட்டாங்க. தெருவுக்குத் தெரு துட்டி வீடு, தூக்க உடம்பு கெடையாது. அடுத்த இருபது வருசம் இந்த மாதிரிக் கதை அங்க சக்கைப்போடு போட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கேன்.

கடையம் பஸ்:

பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப் போட்டுத் தொங்குன மாத நாவல் வாசிச்சு வளந்தவன் நான். அட்டையில துப்பாக்கி, முத பக்கத்துல பொணம், ஊர் வந்து சேரதுக்குள்ள கொலைகாரன் சிக்கிரணும். டீ குடிக்கவெல்லாம் நேரமில்ல.

அம்பை மதினி:

மெடிக்கல் அண்ணாச்சி, உடம்பு வராத சங்கதி எனக்குத் தெரியாது. மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. அந்தக் காலத்துக் கதைக்கு நீங்க சொல்லுதது சரி. ஆனா எம்மவ ஏத்தி வச்சதுல பாதி இப்ப எழுதினது, இந்த பேக்கரிக்காரி எந்தப் போரைப் பாத்தா? நர்ஸ் தங்கச்சி, நீ வாசிம்மா, உனக்கு அது மருந்து. எனக்கு வேண்டியது துட்டி வீட்ல உக்காந்தே கண்டுபிடிக்க ஒரு ஆச்சி. தமிழ்ல யாராச்சும் எழுதியிருந்தா பேரைப் போடுங்க, பாளையங்கோட்டை லைப்ரரில தேடிக்கிடுதேன்.