கற்பனை மொழியின் மெய்யொலி மாற்றங்கள்: விதிகளை எந்த வரிசையில் அமைப்பது?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். கற்பனையாக ஒரு மூலமொழியை அமைத்து, அதிலிருந்து ஒரு மலைமொழியை ஒலிமாற்ற விதிகளால் வருவிக்க இரண்டு மாதங்களாக முயன்று வருகிறேன். முதல் விதிப்படி சொல்லின் இறுதியில் நிற்கும் குற்றுயிர் (அ, இ, உ போன்ற குறில்) கெடும், அதாவது மறையும். இரண்டாவதன்படி இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாகும். மூன்றாவதன்படி பகரம் ஹகரமாகும். ஆனால் தக்கி (கல்), தக்க (நெருப்பு), தக்கு (பாதை) ஆகிய மூன்றும் 'தக்' என்றே வந்து நிற்கின்றன. மேலும், 'பிதோர்' என்ற மலைப்பெயரை மாற்ற மனம் வராமல் மூன்றாம் விதியிலிருந்து விலக்களித்தேன். அப்படி விலக்களித்த சொற்கள் இப்போது பன்னிரண்டாகிவிட்டன. எங்கே தவறுகிறேன்?

பதில் (உதகை):
விதிகளில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. இகரம் கெட்டுப்போன பிறகு ககரத்தைச் சகரமாக்க அங்கே எதுவும் எஞ்சுவதில்லை. இரண்டாம் விதியை முதலில் வைத்தால் தக்கி, தச்சியாகிப் பின்பு 'தச்' என நிற்கும். உயிர் மறைந்தாலும் அதன் தடம் மெய்யில் இருக்கும். தக்க, தக்கு இரண்டும் ஒன்றாவதை அப்படியே விடுங்கள். குழப்பம் நேரும் இடத்தில் பேசுவோர் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த விதிக்கு ஒரு தடையும் வைக்கலாம். கன்னடத்தின் 'கிவி' தமிழில் 'செவி', அங்குள்ள 'கிறு' இங்கே 'சிறு'. ஆயினும் கிளி, கெடு, கேள் ஆகியவை ககரத்தோடே இருக்கின்றன. அடுத்து வரும் ளகர டகரம் போன்ற நாமடி ஒலிகளே அவற்றைக் காத்தன. விலக்குக்கும் இப்படி ஒலிவழிக் காரணம் இருப்பதுதான் அழகு.

பதில் (கொடைக்கானல்):
பகரத்துக்கு உங்கள் மலையிலேயே சான்று உண்டு. கோத்தர் மொழியில் 'பால்' என இருப்பது, கன்னடத்தோடு நெருங்கிய படகர் பேச்சில் 'ஹாலு'. தமிழின் பட்டி அங்கே 'ஹட்டி'. கன்னடத்தில் 10ஆம் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய இம்மாற்றம் 'உப்பு' போன்ற சொற்களின் இரட்டைப் பகரத்தைத் தொடவில்லை. 'புஸ்தக' போன்ற வடசொற்களும் பகரத்தோடே வழங்குகின்றன. ஆகவே விருப்பத்துக்காக விலக்களிக்காதீர்கள். பிதோர் என்பதை, மாற்றம் ஓய்ந்த பிறகு சமவெளி மக்களிடமிருந்து வந்த கடன்சொல்லாகக் கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பின் நிகழும் விதிகள் அனைத்துக்கும் அது கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வரிசையை மாற்றியதும் 'தச்' தனியே பிரிந்துவிட்டது. விலக்களித்த பன்னிரண்டில் ஐந்து சொற்களில் இரட்டைப் பகரமே இருப்பதால் அவை விதியாலேயே தப்பின. பிதோரையும் இன்னும் இரண்டு ஊர்ப்பெயர்களையும் கடன்சொற்களாக்கினேன். மீதி நான்கையும் ஹகரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.