சிங்கப்பூருக்குக் காபி ஃபில்டரைக் கட்டிக்கொண்டு வரணுமா, காப்பிக்கடைக் கோப்பியே போதுமா?

காப்பிக்கடைக் கட்சி:
வேலைக்குப் புதுசா வர்றவங்க பெட்டி கட்டும்போது கேட்கிற கேள்வி இது. பித்தளை ஃபில்டரும் அரைக்கிலோ காபித்தூளும் எடுத்து வரணுமா? வேண்டாம்னுதான் சொல்வேன். வாடகை அறை விளம்பரங்கள்ல 'சமையல் கூடாது', இல்லேன்னா 'லைட் குக்கிங் மட்டும்'னு போட்டிருக்கிறது சகஜம். பால் காய்ச்ச அடுப்பு கிடைக்கிறதே சந்தேகம். மின்கெண்டியில பாலை ஊத்தினா அடிப்பிடிச்சு, பொங்கி வழிஞ்சு, கெண்டியே வீணாயிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கைவிட்டு இறங்கினா காப்பிக்கடை. ஒன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சுமாருக்கு, கனமான பீங்கான் கோப்பையில சூடா வருது. கேட்கத் தெரிஞ்சா போதும். வெறும் 'கோப்பி'ன்னா கண்டென்ஸ்ட் மில்க் ஊத்தினது, நல்லாத் தித்திக்கும். 'கோப்பி சி'ன்னா இவாப்பரேட்டட் பாலும் (தண்ணி வத்தவச்ச டப்பாப் பால்) சர்க்கரையும். 'கோப்பி ஓ'ன்னா பால் இல்லாம சர்க்கரை மட்டும். கூட 'கோசோங்' சேர்த்தா சர்க்கரை கிடையாது, 'சியூ டாய்' சேர்த்தா குறைவு. திக்கா வேணும்னா 'காவ்', லேசா வேணும்னா 'போ'. நம்ம நாக்குக்குக் கிட்ட வர்றது 'கோப்பி சி காவ் சியூ டாய்'. அதுல ஆரம்பிங்க.

டபராசெட்:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஃபில்டருக்கு அடுப்பே தேவையில்லை, வெந்நீர் போதும். பாலுக்கு மைக்ரோவேவ் இருந்தா சரி.

ரெண்டு பேருக்கான ஃபில்டர்ல 20 கிராம் தூள் போடுங்க, அதாவது குவியலா மூணு மேசைக்கரண்டி. லேசாத் தட்டிச் சமப்படுத்தி, மேலே ஃபில்டரோட வர்ற துளைத்தட்டை வைங்க. பலங்கொண்டு அழுத்தாதீங்க. கெண்டி கொதிச்சு நின்னதும் அரை நிமிஷம் விட்டு, முதல்ல ரெண்டு மேசைக்கரண்டித் தண்ணியைச் சுத்திவர ஊத்தித் தூளை நனைக்கணும். தூள் ஊறி உப்பினப்புறம் மீதியை ஊத்துங்க, மொத்தம் 150 மில்லி. மூடிவச்சா இருபது நிமிஷத்துல சுமார் 100 மில்லி கெட்டி டிக்காஷன் இறங்கும்.

அஞ்சே நிமிஷத்துல எல்லாம் இறங்கிட்டா தூள் பருபருன்னு இருக்கு, இல்லே தட்டு சரியா உட்காரலை. ஒரு மணி நேரமாகியும் சொட்டலைன்னா அழுத்தம் அதிகம், இல்லே தூள்ல கலக்கிற சிக்கரி (ஒரு வேரை வறுத்து அரைச்சது) கூடிப்போச்சு. இன்னொண்ணும் உண்டு. மேல்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்துல இறுக்கமா உட்கார்ந்தா உள்ளே காத்து அடைச்சு சொட்டு நின்னுடும். மேல்பாத்திரத்தை லேசாத் திருகி ஒரு நூல் தூக்கி வைங்க, மறுபடி இறங்க ஆரம்பிக்கும்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சு வாங்குங்க. இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்படின்னா 49 சதவீதம் சிக்கரி போட்டும் விற்கலாம். அதுல கறுப்பும் கெட்டியும் வரும், மணம் வராது. சிக்கரி 20 முதல் 30 சதவீதம்தான் கணக்கு.

ஈசூன் வாசகி:
டிக்காஷன் பக்குவம் சரிதான். ஆனால் இங்கே காபி கெட்டுப்போவது பெரும்பாலும் பாலில். அதை நீங்கள் இருவரும் தொடவே இல்லை.

கடைகளில் கிடைக்கும் பாலில் பெரும்பாலானது ஹோமோஜினைஸ் செய்தது. கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைத்துப் பாலோடு கலந்துவிடுகிறார்கள், அதனால் ஊர்ப்பால்போல ஆடை திரண்டு வராது. அறைச்சூட்டில் அடுக்கிவைத்திருக்கும் யூஎச்டி (மிகுந்த சூட்டில் பதப்படுத்திய பால்) டப்பாவில் காய்ச்சிய பாலின் வாடை இருக்கும். சில அட்டைகளில் 'ரீகம்பைன்ட்' என்று அச்சிட்டிருக்கும், அது பால்பொடியிலிருந்து மறுபடி கலந்தது. குளிர்பெட்டியில் இருக்கும், முழுக்கொழுப்புள்ள புதுப்பாலை எடுங்கள். 'லோ ஃபேட்' எடுத்தால் எவ்வளவு நல்ல டிக்காஷனும் தண்ணீராகத்தான் தெரியும்.

அடுப்பு இருந்தால் 250 மில்லி பாலைச் சிறுதீயில் கிளறிக்கொண்டே 200 மில்லியாகச் சுண்ட விடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்க வேண்டாம். மைக்ரோவேவில் பால் சுண்டாது, அதற்குள் பொங்கிவிடும். அடுப்பில்லாதவர்கள் 150 மில்லி வெதுவெதுப்பான பாலில் இரண்டு தேக்கரண்டி பால்பொடியைக் கரைத்து, பிறகு சூடாக்கலாம். கொதிக்கிற பாலில் பொடியைப் போட்டால் கட்டி கட்டும்.

காப்பிக்கடைக் கட்சி:
பார்த்தீங்களா, ஒரு டம்ளருக்கு எவ்வளவு வேலை! காலையில எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடுறவங்க எப்போ செய்யறது? அதோட இந்த ஊர் ஈரத்தை மறந்துட்டீங்க. சிக்கரி ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டைப் பிரிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வச்சா, கொஞ்ச நாள்லேயே தூள் கட்டிதட்டி, மணமும் போயிடும்.

கோப்பி தனியா வர்றதில்லைங்கிறதையும் பாருங்க. காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்ந்த ஜாம்) தடவின டோஸ்ட், நடுவுல குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு, பக்கத்துல அரைவேக்காட்டு முட்டை ரெண்டு. முட்டையில கறுப்பு சோயா சாஸ் நாலு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுக்கிறதால வர்ற அந்தக் கருகல் கசப்பு, காயாவோட தித்திப்புக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். ஃபில்டர் காபி அந்த இடத்துல நிக்காது. புது ஊருக்கு வந்தவங்க அந்த மேசையில உட்கார்ந்து பழகணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

டபராசெட்:
நேரம் ஒரு காரணமே இல்லை. படுக்கப் போகும்போது ஃபில்டரைப் போட்டா காலையில டிக்காஷன் தயார். அதைக் கொதிக்க மட்டும் விடாதீங்க, கசந்துடும். கிண்ணத்து வெந்நீர்ல டிக்காஷன் பாத்திரத்தை அஞ்சு நிமிஷம் வச்சா போதும். மிச்சம் இருந்தா கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சு, மறுநாளுக்குள்ள தீர்த்துடணும். தூளை வாங்கின அன்னிக்கே 100 கிராமாப் பிரிச்சு, காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃபிரீஸர்ல வைங்க. வெளியே எடுத்த உடனே திறந்தா உள்ளே வேர்த்துடும். மூடினபடியே அறைச்சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க.

சர்க்கரைக் கணக்கையும் பார்ப்போம். கண்டென்ஸ்ட் மில்க்ல ஏறத்தாழ பாதி சர்க்கரை. ரெண்டு மேசைக்கரண்டின்னா 40 கிராம், அதுல 20 கிராம் சர்க்கரை. கோப்பை 180 மில்லின்னா 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல. 100 மில்லிக்கு 10 கிராமைத் தாண்டினா, பானங்களுக்குச் சிங்கப்பூர்ல போடுற நியூட்ரி-கிரேடு தரக்குறியீட்டுல 'டி', அதாவது கடைசித் தரம். 2023 டிசம்பர் 30லிருந்து கடையில கலக்கிற பானங்களுக்கும் அந்த அளவுகோல் வந்திருக்கு. தினமும் ரெண்டு தடவை குடிக்கிறவங்க யோசிக்கணும்.

காப்பிக்கடைக் கட்சி:
அதுக்குத்தான் 'சி கோசோங்' இருக்கு. சர்க்கரையே போட மாட்டாங்க, பால்ல இயற்கையா இருக்கிறது மட்டும்தான்.

டபராசெட்:
இவாப்பரேட்டட் டப்பாவையும் திருப்பிப் பாருங்க. பல டப்பாவுல பால்கொழுப்புக்குப் பதிலா பாம் எண்ணெய். அது பாலே இல்லைங்கிறது என் கட்சி.

புங்கோல் புதுசு:
நடுவுல ஒரு வழி இருக்கா? இங்கே கிடைக்கிற கோப்பித்தூளையே நம்ம ஃபில்டர்ல போட்டா என்ன ஆகும்?

ஈசூன் வாசகி:
வேண்டாம் தம்பி. கோப்பித்தூளை, காப்பிக்கடையில் வடிகட்டும் துணிப்பைக்காகப் பருபருவென்று அரைத்திருப்பார்கள். ஃபில்டரில் போட்டால் தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடிவிடும், சாரம் இறங்காது. கருகிய சர்க்கரைப் பூச்சு துளைகளில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். நம் தூளைத் துணிப்பையில் போட்டாலும் வம்புதான். நைசுத்தூளும் சிக்கரியும் துணியை அடைத்து, சொட்டி முடிப்பதற்குள் ஆறிவிடும்.

கோப்பித்தூள்தான் வேண்டுமென்றால் துணிப்பையே வாங்குங்கள். புதுப்பையை ஒருமுறை கொதிநீரில் போட்டெடுத்துக் கஞ்சியைப் போக்குங்கள். 150 மில்லி வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி தூள், நான்கைந்து நிமிடம் ஊறட்டும். பிறகு பையைத் தூக்கி, வடிந்ததை மறுபடி அதன்வழியே ஒருமுறை ஊற்றுங்கள். பைக்குச் சோப்பு போடாதீர்கள், அடுத்த கோப்பியில் சோப்பு வாடை வரும். நன்றாக அலசி, காற்றாடிக்கு அடியில் முழுக்க உலர்த்துங்கள். ஈரமாக மடித்து வைத்தால் பூஞ்சை வாடை ஏறும், அப்புறம் தூக்கிப்போட வேண்டியதுதான்.

டபராசெட்:
பெட்டி கட்டுறவங்களுக்கு ஒண்ணு. பித்தளை ஃபில்டர் சூட்டைப் பிடிச்சு வைக்கும்னு சொல்வாங்க, ஆனா கனம். இந்த ஈரத்துல கறுத்துக்கிட்டே இருக்கும், புளி போட்டுத் தேய்க்கணும். எவர்சில்வர் ஃபில்டர் தேக்காவுலயே (லிட்டில் இந்தியா), செராங்கூன் ரோடு பாத்திரக் கடைகள்ல கிடைக்குது. அதை இங்கே வாங்கிக்கிட்டு, பெட்டியில மிச்சமாகிற இடத்துல கிளம்புற அன்னிக்கு அரைச்ச தூளை வைங்க.

காப்பிக்கடைக் கட்சி:
தூள் வரட்டும். முதல் மாசம் மட்டும் காலையில கீழே இறங்கி, 'சி காவ் கோசோங்' சொல்லிக் குடிச்சுப் பார்த்துட்டுப் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்றேன்.