எபெனேசர் குடும்பம் குழு: சனிக்கிழமை ஸ்தோத்திர ஜெபம்

ரூபி, காலை 7:10
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஸ்தோத்திர ஜெபம் வைக்கிறோம். எத்தனை பேர் என்று சொன்னால் நாற்காலிக்குச் சொல்லிவிடுவேன்.

லில்லி அத்தை, 7:12
அல்லேலூயா 🙏🙏

ரூபி, மதியம் 1:40
எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பதில்தான் வரவில்லை.

டேனி, 1:41
சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன்தான். லூக்கா 17. நான் வருகிறேன்.

சாம் பெரியப்பா, 1:55
நல்ல காரியம் ரூபி. ஆனால் ஸ்தோத்திர ஜெபம் என்றால் நம் வீட்டு ஆட்கள் மட்டும் கூடிக் கலைவது இல்லை. லேவியராகமம் 7ஆம் அதிகாரம் எடுத்துப் பார். ஸ்தோத்திரபலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது. ஒரு மாட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்குமா? ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும். நன்றி சொல்கிறவன் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதற்காகவே கர்த்தர் அப்படி வைத்தார் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று, தானியேல்

டேனி, 1:56
நாற்காலி எத்தனை பெரியப்பா?

சாம் பெரியப்பா, 1:59
முடிக்க விடு. தானியேல் 6:10. ராஜாவைத் தவிர யாரிடமும் ஜெபிக்கக் கூடாது என்ற கட்டளைப்பத்திரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது என்று தெரிந்தும் தினமும் மூன்று வேளை முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செலுத்தினான். "முன் செய்துவந்தபடியே" என்று இருக்கிறது. சிங்கக் கெபியைப் பார்த்த பிறகு ஆரம்பித்த பழக்கம் இல்லை. நாம் ஆபரேஷன் முடிந்தால்தான் கூடுகிறோம்.

லில்லி அத்தை, 2:03
ஆள் கூப்பிடணும் என்றால் அருள் வீட்டையும் கூப்பிடணுமே.

டேனி, 2:03
ஆஹா

ரூபி, 2:10
அத்தை, அந்த நிலப் பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

லில்லி அத்தை, 2:11
நான் லேவியராகமத்தைத்தான் சொன்னேன்.

லில்லி அத்தை, 2:15
சரி, அதுவரை ஆளுக்கு ஒரு நன்றி எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன். மூன்று நாளாக ஓடாத மோட்டார் இன்று ஓடுகிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

டேனி, 2:16
பரீட்சை தள்ளிப்போனதற்கு.

ரூபி, 2:18
மோட்டாரை அணைத்தீர்களா அத்தை?

லில்லி அத்தை, 2:18
ஐயோ

லில்லி அத்தை, 2:31
மாடி முழுக்கத் தண்ணீர்.

எஸ்தர் சித்தி, 4:20
ரூபி, நான் வருவது சந்தேகம்.

லில்லி அத்தை, 4:22
ஏன் எஸ்தர்? எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18.

எஸ்தர் சித்தி, 4:30
வசனம் தெரியும் அண்ணி. போன வருடம் உங்கள் தம்பிக்காகவும் இதே குழுவில்தான் ஜெபித்தோம். இதே உபவாசம்தான். அத்தான் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம், பொய் சொல்லவில்லை. ஆனால் சாட்சி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து "ஜெபித்தோம், கர்த்தர் கேட்டார்" என்று சொல்வீர்கள். அப்போது நான் எங்கே பார்ப்பது?

லில்லி அத்தை, 4:33
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரூபி, 4:50
சித்தி, சாட்சி நேரமே வேண்டாம். சங்கீதம் வாசித்து ஜெபித்து முடிப்போம்.

லில்லி அத்தை, 4:52
சாட்சி இல்லாமல் ஸ்தோத்திரக் கூட்டமா? சபை ஊழியர் என்ன நினைப்பார்?

சாம் பெரியப்பா, 4:58
136 வாசிக்கலாம். ஒருவர் முன்பாதி, மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது."

டேனி, 4:58
26 தடவை!

எஸ்தர் சித்தி, 5:15
88ஆம் சங்கீதமும் வாசிப்பதானால் வருகிறேன்.

லில்லி அத்தை, 5:17
அதில் நன்றி ஒரு வரிகூட இல்லையே எஸ்தர். கடைசி வசனத்திலும் சிநேகிதனும் இல்லை, தோழனும் இல்லை.

எஸ்தர் சித்தி, 5:18
ஆமாம். ஆனாலும் கர்த்தரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த வருடம் என்னால் முடிந்ததும் அவ்வளவுதான்.

சாம் பெரியப்பா, 5:26
வாசி அம்மா. நீயே வாசி.

லில்லி அத்தை, 5:40
முதலில் 88, அப்புறம் 136 என்றால் சரி. 88இல் முடிக்கக் கூடாது. சாட்சி பற்றி ஊழியரைக் கேட்டுச் சொல்கிறேன்.

ரூபி, 5:41
கேட்க வேண்டாம் அத்தை, ப்ளீஸ்.

ரூபி அப்பா, 5:48
நான் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியாது. சாமை லேவியராகமம் பேச விடாதீர்கள். எஸ்தர் வாசிக்கட்டும். அருளையும் கூப்பிடுங்கள்.

டேனி, 5:49
😮

லில்லி அத்தை, 5:52
அருளுக்கு நான் போன் பண்ண மாட்டேன். ரூபி பண்ணட்டும்.

ரூபி, 5:53
நானா?